ஹெரோகு: டெர்மினலில் இன்னும் கெத்துதான், பில்லைப் பார்த்தால்தான் யோசனை

கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளையன்ட் காசு கொடுக்கிற சின்ன வெப் ஆப், பார்த்துக்கொள்ள ஒன்றிரண்டு பேர், சர்வர் வேலைக்கென்று தனி ஆள் கிடையாது என்றால் ஹெரோகு (நாம் எழுதிய ஆப்பை இணையத்தில் ஓட்டித் தரும் சேவை) இன்றைக்கும் வாங்கலாம். காலேஜ் ப்ராஜெக்ட், பொழுதுபோக்குக்குக் கட்டிய ஆப், எப்போதாவது யாராவது எட்டிப் பார்க்கும் போர்ட்ஃபோலியோ என்றால் வேண்டாம். பயன்படுத்துகிறவர்கள் மொத்தப் பேரும் இந்தியாவில் இருக்கிறார்கள், ஒவ்வொரு கிளிக்குக்கும் சட்டென்று பதில் வந்தாக வேண்டும் என்றாலும் வேண்டாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

இது ஹெரோகு முழுவதையும் அலசுகிற விமர்சனம் இல்லை. அதன் டாஷ்போர்டை நான் பில் பார்க்கத்தான் திறப்பேன். டெர்மினலில் (கமாண்டுகளை டைப் செய்கிற திரையில்) உட்கார்ந்தபடி நம் கோடை, அதாவது எழுதிய நிரலை, மேலே ஏற்றுவது, ஏற்றியது ஓடுகிறதா என்று பார்ப்பது, ஓடவில்லை என்றால் பழையதற்குத் திரும்புவது, இந்த மூன்றுக்கும் அதன் கமாண்ட் லைன் கருவி எப்படி, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்பதுதான் கேள்வி. நான் ஏற்றுவது பெரும்பாலும் ஜாங்கோ (பைத்தானில் வெப் ஆப் கட்டும் சட்டகம்) ஆப்கள், அதனால் உதாரணங்கள் பைத்தான் பக்கம் சாயும். ரூபி, நோட் ஆட்களுக்கும் கதை ஏறக்குறைய இதுதான்.

பின்னணி கொஞ்சம். 2007-ல் ரூபி ஆப்களுக்காக மட்டும் ஆரம்பித்த கம்பெனி இது. 2010 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் இதைச் சுமார் 212 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2011-ல் ரூபியைத் தாண்டி மற்ற மொழிகளுக்கும் கதவு திறந்தது, ப்ராக்ஃபைல் (ஆப்பை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கோப்பு) வந்ததும் அப்போதுதான். 'கிட் புஷ் ஹெரோகு மாஸ்டர்' (கிட் என்பது கோடின் பதிப்புகளைக் காக்கும் கருவி, மாஸ்டர் அதில் முதன்மைக் கிளை) என்ற ஒரே வரியில் ஆப் லைவ் ஆகிவிடும் என்பது அந்தக் காலத்தில் வித்தை காட்டுவது மாதிரி இருந்தது, ஏனென்றால் மற்ற எல்லாரும் எஃப்டிபி-யில் ஃபோல்டரை இழுத்துப் போட்டுக்கொண்டோ, சர்வருக்குள் எஸ்எஸ்எச் போட்டு நுழைந்து ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்துகொண்டோ இருந்தோம். இப்போது மாஸ்டருக்குப் பதில் மெயின் என்று அடிக்கிறோம், மற்றபடி அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் பின்னால் எவ்வளவோ மாறியும் அந்த வரியை அவர்கள் தொடாமல் வைத்திருப்பதையே நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

நிறுவுவதில் சொல்ல ஒன்றும் இல்லை. மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில் இன்ஸ்டாலர், உபுண்டுவில் ஸ்நாப் அல்லது ஒரு கர்ல் வரி. 'ஹெரோகு லாகின்' என்று அடித்தால் ப்ரவுசர் திறக்கும், அங்கே இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை முடித்தால் டெர்மினலில் உள்ளே வந்துவிடலாம். லாகின் சாவியான டோக்கனை நம் ஹோம் ஃபோல்டரில் இருக்கிற நெட்ஆர்சி கோப்பில் எழுதி வைக்கும், அதனால் ஆபீஸில் பலர் தொடுகிற மெஷினில் லாகின் செய்துவிட்டு அப்படியே எழுந்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பழைய டுடோரியல்களில் எஸ்எஸ்எச் கீயைச் சேர்க்கச் சொல்லி ஒரு படி இருக்கும், அதைத் தாண்டிப் போங்கள். 2021 நவம்பர் இறுதியோடு எஸ்எஸ்எச் வழியே கிட் புஷ் செய்வதை நிறுத்திவிட்டார்கள், இப்போது எச்டிடிபிஎஸ் மட்டும்தான். புதிதாக வருகிறவர்கள் பாதி நேரத்தைத் தொலைப்பது இந்த மாதிரிப் பழைய குறிப்புகளை நம்பித்தான்.

அப்புறம் 'ஹெரோகு கிரியேட்'. ஆப் ஒன்று உருவாகும், நம் ரெப்போவில் (கிட் காக்கும் கோடுக் கிடங்கில்) ஹெரோகு என்ற பெயரில் ஒரு ரிமோட்டும் (புஷ் போய்ச் சேரும் முகவரி) சேர்ந்துவிடும். ப்ராக்ஃபைல் என்ற கோப்பில் ஒரு வரியில் வெப் என்று போட்டு குனிகார்ன் என்ற பைத்தான் சர்வரை எப்படி எழுப்புவது என்று சொல்கிறோம், இன்னொரு வரியில் ரிலீஸ் என்று போட்டு டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேட் கமாண்டைக் கொடுக்கிறோம். டாக்கர்ஃபைல் (ஆப்பைப் பெட்டியில் கட்டும் செய்முறை) எழுதத் தேவையில்லை. ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பைப் பார்த்ததும் 'ஓ, இது பைத்தான்' என்று பில்ட்பேக் (ஆப்பை ஓடத் தயாராக்கும் ஸ்கிரிப்ட்) தானே கண்டுபிடித்து, பேக்கேஜ்களை இறக்கி, ஜாங்கோ என்றால் படம், சிஎஸ்எஸ் போன்ற ஸ்டாட்டிக் கோப்புகளை ஒன்று சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக்கையும் தானே ஓட்டிவிடும். ஸ்டாட்டிக் கோப்புகளைப் பரிமாற வொயிட்நாய்ஸ் என்ற பேக்கேஜ் போட்டுக்கொள்ள வேண்டும், அது நம் பொறுப்பு.

புஷ் அடித்த பிறகு டெர்மினலில் வருவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். என்ன மொழி, எந்தப் பதிப்பு, எந்தப் பேக்கேஜ் இறங்குகிறது, ஸ்லக் (கட்டி முடித்த ஆப் மூட்டை) எத்தனை எம்பி, கடைசியில் எத்தனையாவது ரிலீஸ், எந்த முகவரி என்று எல்லாம் நாம் இருக்கும் இடத்திலேயே ஓடும். பில்ட் (கோடை ஓடத் தயாராக்கும் வேலை) உடைந்தால் புஷ் ரிஜெக்டட் என்று சொல்லி கிட் புஷ்ஷையே தோற்கடித்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பதிப்புக்கு ஒரு கீறல்கூட விழாது. ரிலீஸ் வரியில் கொடுத்த மைக்ரேஷன் தோற்றாலும் அப்படித்தான், புதுக் கோடு வெளியே போகாது. மற்ற பல இடங்களில் பில்ட் எங்கோ தொலைவில் தனியாக ஓடும், நாம் ப்ரவுசரில் ஒரு டேபைத் திறந்து வைத்துக்கொண்டு பச்சை ஆகுமா சிவப்பு ஆகுமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே கமாண்ட் முடிந்தால் வேலை முடிந்தது, தோற்றால் தோற்றது என்று அந்த இடத்திலேயே தெரிகிறது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எல்லைகளும் உண்டு. சுருக்கிய ஸ்லக் 500 எம்பி-யைத் தாண்டக் கூடாது, பில்ட் 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். சாதாரண ஆப்புக்கு இது எதேஷ்டம். ஆனால் யாராவது ஆசைப்பட்டு பைடார்ச் என்ற ஏஐ நூலகத்தைச் சேர்த்தார்கள் என்றால், ஜிபியு நூலகங்களோடு வருகிற வழக்கமான பேக்கேஜே அந்த எல்லையை உடைத்துவிடும், சிபியு-வுக்கான தனிப் பேக்கேஜைத் தேடிப் போட வேண்டியிருக்கும். மெயின், மாஸ்டர் தவிர வேறு கிளையைப் புஷ் செய்தால் பில்ட் நடக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிளைப் பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் மெயின் என்று அடித்தால் போகும்.

இனி, நான் ஏன் இதை விட்டு நகராமல் இருக்கிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். அது லாக் (ஆப்பில் நடப்பதைப் பதியும் குறிப்பேடு).

'ஹெரோகு லாக்ஸ் --டெயில்'. இவ்வளவுதான். ஆப் எழுதுவது, ரூட்டர் (கோரிக்கைகளை ஆப்புக்குத் திருப்பிவிடுவது) எழுதுவது, டைனோ (நம் ஆப் ஓடும் பெட்டி) எழுந்ததும் விழுந்ததும், யார் எப்போது டெப்ளாய் செய்தார்கள் (புதுக் கோடை ஏற்றினார்கள்) என்பது, எல்லாம் ஒரே ஓடையில் நேர வரிசையில் வரும். ஏதாவது கெட்டுப்போனால் அதற்கு ஒரு குறியீட்டு எண் இருக்கும். எச்10 என்றால் ஆப் விழுந்துவிட்டது. எச்12 என்றால் 30 விநாடிக்குள் பதில் வரவில்லை. ஆர்10 என்றால் எழுந்து 60 விநாடிக்குள் போர்ட்டைப் பிடிக்கவில்லை (பெரும்பாலும் ஹெரோகு கொடுக்கிற போர்ட் எண்ணைச் சூழல் மாறியிலிருந்து எடுக்காமல் 8000 என்று நாமே எழுதி வைத்திருப்போம்). ஆர்14 என்றால் மெமரி எல்லை தாண்டிவிட்டது, இன்னும் உயிரோடு இருக்கிறது ஆனால் ஸ்வாப்பில் (மெமரிக்குப் பதில் டிஸ்க்கில்) தவழ்கிறது. ஆர்15 என்றால் ரொம்பவே தாண்டிவிட்டது, கொன்றுவிட்டோம். இந்த எண்ணை அப்படியே தேடல் பெட்டியில் போட்டால் அவர்களுடைய ஆவணப் பக்கமே முதலில் வரும், அதில் காரணமும் தீர்வும் மனுஷனுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கும். நடுராத்திரி கிளையன்ட் ஃபோன் செய்து 'சைட் வரலை சார்' என்று சொல்லும்போது இந்த ஐந்தாறு குறியீடுகள் தெரிந்திருந்தால் போதும், பிரச்சினை எந்தப் பக்கம் என்று சீக்கிரமே பிடித்துவிடலாம்.

எச்12-ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஆப்களில் இதுதான் அதிகம் வரும். கணக்கு வழக்கு ஆப் எதை எடுத்தாலும் அதில் ஒரு எக்செல் ரிப்போர்ட் இருக்கும், 'வருஷம் முழுவதும்' என்று ஒரு பட்டன் இருக்கும், மார்ச் கடைசியில் எல்லாரும் அதை அமுக்குவார்கள். 30 விநாடியில் ரூட்டர் கையை விரித்துவிடும், பயனருக்குப் பிழைப் பக்கம் போகும். ஆனால் ரூட்டர்தான் கைவிட்டதே தவிர, உள்ளே டைனோ அந்த ரிப்போர்ட்டை இன்னும் தயாரித்துக்கொண்டுதான் இருக்கும், யாருக்கும் போய்ச் சேராத ரிப்போர்ட். பயனர் பொறுமையிழந்து மறுபடி அமுக்குவார், இன்னொன்று ஆரம்பிக்கும். அப்படியே நான்கு முறை அமுக்கினால் குனிகார்ன் வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் பிராசஸ்) எல்லாம் மாட்டிக்கொண்டு, லாகின் பக்கம்கூட வராமல் போகும். இந்த 30 விநாடியை ஏற்ற எந்தப் பிளானிலும் வழி இல்லை, எவ்வளவு காசு கொடுத்தாலும் இல்லை. நீண்ட வேலையைத் தனி வொர்க்கர் டைனோவுக்குத் தள்ளிவிடு என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், ஆனால் நியாயமான எரிச்சல்தான். குறைந்தபட்சம் குனிகார்னில் டைம்அவுட்டை 30-க்குக் கீழே வைத்துவிடுங்கள், யாருக்கும் போகாத வேலைகள் தேங்குவது நிற்கும்.

லாக்கில் ஒரு குறை: கடைசி 1500 வரிகளை மட்டும்தான் வைத்திருக்கும். கொஞ்சம் கூட்டம் வருகிற ஆப்பில் 1500 வரி என்பது சில நிமிடங்கள்தான். நேற்று சாயங்காலம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு லாக் சேவையைச் சேர்க்க வேண்டும், அதற்குத் தனிக் காசு.

திரும்பிப் போவது அடுத்தது. 'ஹெரோகு ரிலீசஸ்' என்றால் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று எண் போட்டுப் பட்டியல் வரும், கோடு மட்டுமில்லை, கான்ஃபிக் (ஆப்பின் அமைப்புகள்) மாற்றினால்கூட அது ஒரு ரிலீஸ்தான். 'ஹெரோகு ரோல்பேக் வி41' என்றால் 41-ஆம் பதிப்பின் கோடும் கான்ஃபிக்கும் அப்படியே திரும்ப வரும். மறுபடி பில்ட் செய்யாது, ஏற்கெனவே கட்டி வைத்த ஸ்லக்கை எடுத்து ஓட்டும், அதனால் விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். டேட்டாபேஸ் மட்டும் திரும்பாது. மைக்ரேஷனில் டேபிளின் ஒரு நெடுவரிசையைத் தூக்கியிருந்தால் ரோல்பேக் உங்களைக் காப்பாற்றாது, பழைய கோடு வந்து அந்த நெடுவரிசையைத் தேடி அலறும். இது ஹெரோகுவின் குற்றம் இல்லை, எங்கே போனாலும் இதே கதைதான், ஆனால் ரோல்பேக் இவ்வளவு சுலபமாக இருப்பதால் அது எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற தைரியம் வந்துவிடுகிறது.

'ஹெரோகு கான்ஃபிக்:செட்' பற்றி ஒரு வார்த்தை. சாவி, கடவுச்சொல் எல்லாம் இதில்தான் போடுகிறோம், போட்டதும் ஆப் தானே ரீஸ்டார்ட் ஆகும். ஐந்து மாறிகளை ஐந்து தனிக் கமாண்டாகப் போட்டால் ஐந்து ரீஸ்டார்ட். ஒரே வரியில் சேர்த்துப் போடுங்கள். ஷெல் வரலாற்றில் அந்தச் சாவி அப்படியே பதிந்து கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

'ஹெரோகு ரன்' எனக்குப் பிடித்த இன்னொன்று. 'ஹெரோகு ரன் பைத்தான் மேனேஜ்.பிஒய் ஷெல்' என்றால் நிஜப் பயனர்கள் இருக்கும் ப்ரொடக்‌ஷன் டேட்டாவோடு ஒரு ஷெல் நம் கையில் வந்து நிற்கும். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிற டைனோ இல்லை, நமக்காகத் தனியாக எழுப்பிய இன்னொரு டைனோ. அங்கே ஒரு கோப்பை எழுதிவிட்டு வெப் பக்கம் தேடினால் கிடைக்காது. ஓடுகிற டைனோவுக்குள்ளேயே நுழைய வேண்டுமென்றால் 'ஹெரோகு பிஎஸ்:எக்ஸெக்' இருக்கிறது. டைனோவில் எழுதுகிற எந்தக் கோப்பும் நிலைக்காது என்பதைப் புதிதாக வருகிற எல்லாருமே ஒரு தடவை பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். லாட்ஜ் அறை மாதிரிதான் அது, நீங்கள் விட்டுப்போன சாமான் அடுத்த தடவை இருக்காது. டெப்ளாய் செய்தால் மட்டுமில்லை, சும்மா இருந்தாலும் டைனோவை ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை அவர்களே ரீஸ்டார்ட் செய்வார்கள். பயனர்கள் ஏற்றுகிற படங்களை அமேசானின் எஸ்3 சேமிப்பு மாதிரி ஓர் இடத்தில் வைத்தே ஆக வேண்டும். எஸ்க்யூஎல்லைட் கோப்பை டேட்டாபேஸாக வைத்துக்கொண்டு ஹெரோகுவுக்கு வராதீர்கள், அடுத்த நாள் காலை எல்லாம் வெறும் தாளாக இருக்கும்.

டேட்டாபேஸ் பக்கம் 'பிஜி' (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்) என்று ஆரம்பிக்கும் கமாண்டுகள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். 'ஹெரோகு பிஜி:பிஎஸ்க்யூஎல்' நேராக உள்ளே கொண்டுபோகும், 'பிஜி:புல்' ப்ரொடக்‌ஷன் டேட்டாவை நம் லேப்டாப்புக்கு இறக்கும், 'பிஜி:பேக்கப்ஸ்:கேப்சர்' பேக்கப் எடுக்கும். ஆபத்தான எதைச் செய்யப் போனாலும், டேட்டாபேஸைத் துடைப்பது, ஆப்பையே அழிப்பது மாதிரி, ஆப்பின் பெயரை முழுசாக டைப் செய்யச் சொல்லும். வெறும் ஒய் அமுக்கினால் நடக்காது. ஒரே ரெப்போவில் ஸ்டேஜிங் (சோதனைப் பிரதி), ப்ரொடக்‌ஷன் என்று இரண்டு ரிமோட் இருந்தால் எந்த ஆப் என்று சொல்லாமல் எந்தக் கமாண்டும் ஓடாது, எது என்று கேட்டு நின்றுவிடும். கருவியை எழுதினவர்கள் தூக்கக் கலக்கத்தில் வேலை பார்க்கிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

கருவியின் வேகம் மட்டும் சுமார்தான். முதலில் ரூபியில் இருந்தது, பிறகு கொஞ்சம் கோ, இப்போது நோட். எதை அடித்தாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். பழகிவிடும்.

சரி, காசுக்கு வருவோம்.

ஒரு காலத்தில் இது இலவசம். மாதம் 550 டைனோ மணி நேரம், கார்டு கொடுத்துச் சரிபார்த்தால் 1000. அரை மணி நேரம் யாரும் வரவில்லை என்றால் ஆப் தூங்கிவிடும், தூங்காமல் இருக்க வெளியிலிருந்து யாரையாவது விட்டுத் தட்டிக்கொண்டே இருக்கச் செய்வது அப்போது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். 2022 ஆகஸ்டில் அறிவித்து, நவம்பர் 28 முதல் அதை மூடிவிட்டார்கள். மோசடியும் தவறான பயன்பாடும் அதிகமாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு தலைமுறை மாணவர்களின் முதல் லைவ் லிங்க் அந்த இலவச டைனோவில்தான் இருந்தது, ரெஸ்யூமேயில் போட்ட முகவரிகள் எல்லாம் ஒரே இரவில் செத்துப்போயின.

இப்போது அடிமட்டம் ஈகோ: மாதம் 5 டாலர், 1000 மணி நேரத்தை எல்லா ஆப்களும் பங்கிட்டுக்கொள்ளலாம், அரை மணி நேரத்தில் தூங்கும் பழக்கம் இதற்கும் உண்டு. அடுத்தது பேசிக், 7 டாலர், தூங்காது. அதற்கு மேலே ஸ்டாண்டர்ட்-1எக்ஸ், 25 டாலர். இந்த மூன்றுக்குமே மெமரி 512 எம்பி-தான். படித்ததை மறுபடி படிக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தீர்கள்: 7 டாலருக்குக் கிடைக்கிற அதே அரை ஜிபி-தான் 25 டாலருக்கும். கூடுதல் காசுக்குக் கிடைப்பது ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டைனோ ஓட்டுகிற வசதி, கூடுதல் அளவீடுகள், அப்புறம் ப்ரீபூட். ப்ரீபூட் என்றால் புது டைனோ எழுந்து நின்ற பிறகே பழையதை இறக்குவது. பேசிக்கில் அது இல்லாததால் ஒவ்வொரு டெப்ளாயிலும் சில விநாடிகள் ஆப் கண் சிமிட்டும். ஆபீஸ் நேரத்தில் டெப்ளாய் செய்யாத ஒழுக்கம் இருந்தால் பேசிக்கே போதும். பாண்டாஸ் (டேட்டா அலசும் பைத்தான் நூலகம்) வைத்து எதையாவது மேய்கிற ஆப் என்றால் 512 எம்பி சீக்கிரமே மூச்சுத் திணறும், அடுத்த படியான ஒரு ஜிபி-க்கு 50 டாலர் கேட்கிறார்கள். இந்தக் காலத்தில் ஒரு ஜிபி மெமரிக்கு 50 டாலர் என்பதை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

போஸ்ட்கிரெஸ் எசென்ஷியல்-0 என்பது 5 டாலர், ஒரு ஜிபி, 20 இணைப்புகள். ஆக, ஓர் உருப்படியான சின்ன ஆப்புக்கு 12 டாலர், வரியும் நாணய மாற்றுக் கட்டணமும் சேர்த்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேலே போகும். ஸ்டேஜிங்கும் வேண்டும் என்றால் அதே மாதிரி இன்னொரு மடங்கு. கிளையன்ட் கொடுக்கிறார் என்றால் இது ஒரு பணமே இல்லை, சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குக் கொடுக்கிறதை விட ரொம்பக் குறைவு. சொந்தக் கையிலிருந்து போகிறது என்றால் மாதா மாதம் உறுத்தும். கார்டு விஷயமும் உண்டு. நான் முதலில் வைத்திருந்த வங்கியின் கார்டு வெளிநாட்டு பில் என்றாலே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது, வேறொரு வங்கியின் கிரெடிட் கார்டைப் போட்ட பிறகுதான் சரியானது. கிளையன்டின் கார்டையே முதலிலிருந்து போட வைத்துவிடுவது உத்தமம், அது வேறு பல சண்டைகளையும் தவிர்க்கும்.

இடம். சாதாரணப் பிளானில் இரண்டே பகுதிகள்தான்: அமெரிக்கா, ஐரோப்பா. வர்ஜீனியாவும் அயர்லாந்தும். மும்பை இருக்கிறது, ஆனால் பெரிய கம்பெனிகளுக்கான ப்ரைவேட் ஸ்பேஸில் மட்டும், நம்மைப் போன்றவர்கள் அதன் விலையைக் கேட்கவே வேண்டாம். சென்னையிலிருந்து வர்ஜீனியாவுக்குப் போய் வரவே 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஒரு பக்கத்தை முழுசாக ஒரே தடவையில் அனுப்புகிற பழைய பாணி ஜாங்கோ ஆப்பில் இது பெரிதாகத் தெரியாது. ஒரு திரைக்கு ஏழெட்டு ஏபிஐ அழைப்பு (சர்வரிடம் டேட்டா கேட்பது) ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற ஆப்பில் நன்றாகவே தெரியும், பில்லிங் கவுண்டரில் நிற்கிறவர் முகத்தில் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் சாதாரண வாடிக்கையாளருக்கு ஆசியாவில் ஓர் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இந்தச் சேவை மேல் இருக்கிற பெரிய கோபம்.

நம்பகம் எப்படி என்று கேட்டால் கலவையான பதில்தான். 2022 ஏப்ரலில் ஹெரோகுவின் கிட்ஹப் (கோடை வைக்கும் தளம்) இணைப்பு டோக்கன்கள் திருடுபோன விவகாரம் வெளியே வந்தது. கிட்ஹப்பிலிருந்து தானாக டெப்ளாய் ஆகும் வசதியை வாரக் கணக்கில் மூடி வைத்திருந்தார்கள், மே மாதம் எல்லாருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தார்கள். அவர்கள் அதைப் பற்றித் தகவல் சொன்ன விதத்தை அப்போது பலரும் திட்டினார்கள், நியாயம்தான். ஆனால் அந்த வாரங்களிலும் டெர்மினலிலிருந்து கிட் புஷ் செய்வது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பட்டனை நம்பினவர்கள் மாட்டினார்கள், கமாண்டை நம்பினவர்கள் தப்பித்தார்கள். 2025 ஜூன் 10-ஆம் தேதி அப்படித் தப்பிக்க வழியில்லை. திட்டமிடாத ஒரு சிஸ்டம் அப்டேட் சர்வர்களின் நெட்வொர்க்கைக் குலைத்து, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கப் பலருடைய ஆப்கள் படுத்துவிட்டன, டாஷ்போர்டும் கமாண்ட் லைனும் சேர்ந்து அடிவாங்கின, நிலைமையைச் சொல்ல வேண்டிய ஸ்டேட்டஸ் பக்கமும் கூடவே பாதிக்கப்பட்டது. பேக்கப்பை ஹெரோகுவுக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு அந்த நாளுக்குப் பிறகு வேறு வாதம் தேவைப்படவில்லை.

மாற்று என்ன? டெர்மினலில் இருந்தே எல்லாம் நடக்க வேண்டும் என்றால் நெருங்கி வருவது ஃப்ளை.ஐஓ. 'ஃப்ளை லாஞ்ச்' என்றால் கோடைப் பார்த்து டாக்கர்ஃபைலும் ஒரு கான்ஃபிக் கோப்பும் எழுதிக் கொடுக்கும், 'ஃப்ளை டெப்ளாய்' என்றால் ஏற்றிவிடும், மும்பையில் இடம் உண்டு, விலையும் குறைவு. ஆனால் அந்த டாக்கர்ஃபைல் இனி உங்கள் குழந்தை, அதை வளர்ப்பது உங்கள் பொறுப்பு. போஸ்ட்கிரெஸும் அங்கே ரொம்ப நாளாக நாமே பார்த்துக்கொள்கிற சமாச்சாரமாகத்தான் இருந்தது. ரெண்டர் நல்ல சேவை, சிங்கப்பூரில் இடம் இருக்கிறது, ஆனால் அது கிட்ஹப்போடு இணைத்துவிட்டு ப்ரவுசரில் பார்க்கிறவர்களுக்கானது, கமாண்ட் லைன் அங்கே இரண்டாவது மனைவிதான். டோக்கு என்று ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவி 2013-லிருந்து இருக்கிறது. டிஜிட்டல் ஓஷனின் பெங்களூரு மையத்தில் மாதம் 6 டாலருக்கு ஒரு ஜிபி மெமரியோடு ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து அதில் டோக்குவை ஏற்றினால், அதே கிட் புஷ், அதே ப்ராக்ஃபைல், அதே பில்ட்பேக், பக்கத்து மாநிலத்திலேயே. காசுக்கும் வேகத்துக்கும் ஹெரோகுவை அடித்துவிடும். உபுண்டு அப்டேட், டிஸ்க் நிறைவது, பேக்கப், ஃபயர்வால் எல்லாம் நம் தலையில் என்பதுதான் அதன் விலை. சொந்த ஆப்களை நான் அங்கேதான் வைத்திருக்கிறேன், கிளையன்ட் ஆப்களை ஹெரோகுவில். என் ஆப் விழுந்தால் எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால்.

மாணவர்களுக்கு ஒரு தகவல்: கிட்ஹப்பின் மாணவர் தொகுப்பு வழியாகப் போனால் ஹெரோகு மாதம் 13 டாலர் கிரெடிட் கொடுக்கிறது, பேசிக் டைனோவும் சின்ன டேட்டாபேஸும் அதற்குள் அடங்கும். கார்டு ஒன்று கட்டாயம் கேட்பார்கள், அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால் ஈகோவில் ஆரம்பிக்காதீர்கள், கிளையன்டுக்குக் காட்டப் போகும் நேரம் பார்த்துத் தூங்கியிருக்கும், எழுந்து வருவதற்குள் அவர் முகம் மாறிவிடும். நேராக பேசிக்கும் எசென்ஷியல்-0-வும் எடுங்கள், முதல் டெப்ளாய் முடிந்த கையோடு 'பிஜி:பேக்கப்ஸ்:ஷெட்யூல்' போட்டு அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு பேக்கப் வைத்துவிடுங்கள். நேரத்தோடு ஆசியா/கொல்கத்தா என்று மண்டலத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை 'பிஜி:பேக்கப்ஸ்:டவுன்லோட்' அடித்து ஒரு பிரதியைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், க்ரானில் (நேரம் குறித்து வேலை ஓட்டும் கருவி) போட்டுவிட்டால் அதுவும் தானே நடக்கும்.